குங்குமம் வைத்த ரத்த ரிப்போர்ட்

போன வருடம் நடந்தது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவருக்குச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருந்தது. டாக்டர், புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையோடு வாய்வழியாகக் குழாய் விட்டும் பார்க்கச் சொன்னார். குழாய் விட இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் மட்டும் கொடுத்தார். 'நார்மல்' என்று வந்தது.

"ரத்தத்துலயே ஒண்ணும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்குக் குழாய்?" என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டுக்குக் குங்குமம் இட்டுச் சாமி படத்தின் கீழே வைத்தேன். டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை. ராத்திரி கஞ்சி போதும் என்பார்; மத்தியானம் வேலையிடத்தில் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரோடு வேலை செய்பவர் எங்கள் டிவியில் படம் பார்க்க வந்தார்.

"அண்ணி, உங்க சப்பாத்தி சூப்பரா கீது. தெனமும் நான்தான் துன்றேன். அண்ணன் டீல பன்னைக் கரைச்சுக் குடிச்சுகினு கீறாரு" என்றார் சிரித்தபடி.

காலியாகத் திரும்பிய டிபன் பாக்ஸைக் கழுவித்தானே இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தேன்!

மறுநாளே அழைத்துப் போனேன். "ரத்தத்துல தெரியலைன்னா நோய் இல்லைன்னு யாரும்மா சொன்னது?" என்று டாக்டர் திட்டினார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. நல்லவேளை, பரவியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது எந்த ரிப்போர்ட்டானாலும் முதலில் டாக்டர் கையில் கொடுக்கிறேன். காலி டிபன் பாக்ஸை நம்புவதில்லை. எதிரே உட்கார்ந்து, இவர் முதல் கவளத்தை விழுங்கிய பிறகுதான் என் தட்டில் கை வைக்கிறேன்.