விளக்கில் ஊற்றக் கூடாத எண்ணெய்

எனக்குப் பேய் பயம் கிடையாது. புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பக்கத்துக் கோழிப்பண்ணை நாற்றத்தையும் செய்முறைத் தேர்வுகளையும் இத்தனை வருடம் தாங்கியவளைப் பேய் வந்து புதிதாக என்ன செய்துவிடும்? இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். கூட வேலை பார்த்த என் இளைய தோழி இறந்த பிறகு, ஆய்வகத்துக்குள் தனியாகப் போவதை ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட ஆரம்பித்தேன். என் வாய்ச்சவடால் எவ்வளவு என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் பனமரத்துப்பட்டிக்காரி. பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். அவள் கையாண்டது அயனித் திரவம் என்ற கரைப்பான். உப்பு என்றால் நமக்குக் கல்லாகவோ பொடியாகவோ இருக்க வேண்டும். இது சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு. பார்ப்பதற்கு விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக, நிறமில்லாமல் இருக்கும். மற்றக் கரைப்பான்களைப் போல மூக்கில் ஏறாது, லேசில் தீப்பிடிக்காது, காற்றில் போய்க் குறையவும் குறையாது. ஊற்றி வைத்தால் வைத்தபடியே கிடக்கும்.

இந்த அடக்க ஒடுக்கத்தை நம்பி ஏமாறக் கூடாது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான். அவள் தயாரித்த வகையில் ஃபுளோரின் உண்டு. ஈரம் பட்டால் மெல்லச் சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். சூடும் சேர்ந்தால் சிதைவு வேகம் பிடிக்கும். அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும். கொஞ்சமாகத் தோலில் பட்டால் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி, எலும்பைத் தேடிப் போன பிறகுதான் வலி தெரியும். அதனால் கண்ணாடிப் புட்டியில் வைக்க யாரையும் விடமாட்டாள். எல்லாம் பிளாஸ்டிக் புட்டி. அவற்றை ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிய ஜாடிக்குள் வைப்பாள். மணிகள் நீலத்திலிருந்து வெளிறினால் அன்றைக்கே மாற்றுவாள். கழுவிய தண்ணீரைக்கூட சிங்க்கில் ஊற்ற விடமாட்டாள். நான் புட்டியைத் தொட்டால் போதும், முதுகுக்குப் பின்னால் குரல் வரும். "மேடம், மூடிட்டீங்களா?" நான் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். "மூடிட்டேன் தாயே, நீ வாயை மூடு" என்பேன்.

காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். ஒரு வாரத்தில் போய்விட்டாள். காய்ச்சலுக்கும் ஆய்வகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொசு கடித்ததுதான். இத்தனை எச்சரிக்கையாக இருந்தவளை ஒரு கொசு கொண்டுபோன அநியாயத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு அந்த அறையில் நான் எதை மூடினாலும் குரல் கேட்டது. காதில் இல்லை, பிடரியில். மூடியதை மறுபடி திறந்து, மறுபடி மூடுவேன். புட்டிகளின் மேல் அவள் கையெழுத்து, திறந்த தேதியோடு. பல மாதம் கழித்து ஒரு நாள் தராசை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு சொட்டு மின்னியது. அந்த இடத்தில் அவளைத் தவிர வேறு யாரும் வேலை செய்ததில்லை. தண்ணீராக இருந்தால் அன்றே காய்ந்திருக்கும். எண்ணெயாக இருந்தால் தூசி படிந்து பிசுக்காகியிருக்கும். இது இப்போதுதான் சிந்தியது போல ஈரமாக நின்றது. கையுறை மாட்டி, துடைத்து, கழிவுப் பையில் போட்டுக் கட்டினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவள் இறந்த வருடத் திதியன்று நான் கல்லூரிக்கு வந்துவிட்டேன். அவள் வீட்டுக்குப் போகாமல் இருக்க, விடைத்தாள் திருத்த வேண்டும் என்று ஒரு சாக்குத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவள் அம்மா போனில் கூப்பிட்டார்.

"டீச்சருங்க, நாந்தானுங்க. நீங்க வாரீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கறனுங்க."

விடைத்தாள் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"புள்ள செஞ்ச எண்ணெய் ஒரு சின்ன சீசாவுல இருந்துதுங்க. அவ மேசைச் சாமானோட காலேஜுல இருந்து அனுப்பிச்சாங்கல்ல, அதுல வந்துது. அதையும் நல்லெண்ணெயையும் ஊத்தி வெச்சிருக்கறனுங்க. பையன் பூ வாங்கப் போயிருக்கறான். வந்ததும் ஏத்தோணும்."

எனக்கு அந்தச் சீசாவைத் தெரியும். முதல்முறை சுத்தமாக வந்த திரவம் அது. கண்ணாடியில் பார்க்க அழகாக இருக்கிறது என்று, தன் சட்டத்தைத் தானே மீறி, ஒரு குட்டிக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் கொஞ்ச நாள் ஜாடிக்குள் வைத்திருந்தாள். பிறகு அது கண்ணில் படவில்லை. கழிவில் சேர்த்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். செத்துப்போனவளை அந்த இடத்திலேயே திட்டினேன்.

"அக்கா, ஏத்தாதீங்க. அது விளக்குக்கு ஆகாது. கையை நல்லாக் கழுவுங்க. நான் வர்றேன், நான் வர்ற வரைக்கும் தீக்குச்சியத் தொடாதீங்க."

"சரிங்க, வாங்க" என்றார். கேட்டுக்கொண்டாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆய்வக ஃப்ரிட்ஜில் அந்த அமிலத்துக்கு மருந்தாக வைத்திருந்த கால்சியம் களிம்பு, கையுறை, இரண்டு பிளாஸ்டிக் புட்டி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். மல்லூர் வரை எனக்கு முன்னால் முட்டை லாரி ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. அந்தத் திரவம் நல்லெண்ணெயைவிடக் கனமானது, அதோடு கலக்காது. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விளக்கை ஏற்றினால் மேலே இருக்கும் எண்ணெய் நல்ல பிள்ளையாக எரியும். எல்லாரும் கும்பிட்டு முடித்து, சாப்பிடப் போன பிறகு, எண்ணெய் தீர்ந்து திரி அடிக்கு வரும். ஜன்னல் இல்லாத சாமி அறையில் அது கருகி அமிலப் புகை கிளம்பும். மகளின் படத்துக்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்துகொண்டிருப்பார். நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

விளக்கு ஏற்றியிருக்கவில்லை. படத்துக்கு முன்னால், பித்தளைக் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில், கையைக் கழுவிவிட்டுத் தீப்பெட்டியைத் தள்ளி வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கையுறை மாட்டி, விளக்கில் இருந்ததை அப்படியே ஒரு புட்டியில் வடித்தேன். சீசாவில் அரைவாசி மிச்சம் இருந்தது. சீசாவின் உள்பக்கம் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கியிருந்தது. துடைத்தால் போகிற மங்கல் இல்லை அது. எத்தனை தடவை திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை தவறாமத் தொறப்பனுங்க. மஞ்சத் தண்ணியில சீசாவத் தொடச்சுப் பொட்டு வெச்சு, தொறந்து மோந்து பாப்பன். எம்புள்ள கைபட்டதாச்சே, அவ வாசம் எதாச்சும் வருமான்னு. ஒண்ணுமே வராதுங்க. ஆனா கொறையவே இல்லைங்க டீச்சருங்க. வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது. அவ போகலைன்னு நெனச்சுக்குவன்."

வாரா வாரம் ஈரக் கையோடு அந்த மூடியைத் திறந்து, முகத்துக்கு நேரே வைத்து, ஒரு தாய் முகர்ந்திருக்கிறாள். என் தோழி உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு மயங்கி விழுந்திருப்பாள். நான் அவர் விரல்களைப் பிடித்துக் குழாயடியில் மறுபடி கழுவி, களிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் சேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியபோது பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அது பிறகு. அந்த நேரத்தில் அவர் தன் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

"அப்ப எம்புள்ள வெசத்தத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாளுங்களா?"

நான் பயந்து வந்தது தீயைப் பற்றித்தான். இந்தக் கேள்வி வரும் என்று யோசிக்கவே இல்லை.

"வெசம் இல்லைங்கக்கா" என்றேன். "ரொம்பக் கவனமாப் பாத்துக்க வேண்டிய சாமான். ஈரம் ஆகாது, சூடு ஆகாது. அவ இருந்த வரைக்கும் கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிட்டா. அதனால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. பாத்துக்க ஆள் இல்லைன்னாத்தான் கெட்டுப்போவும்."

அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவர் நான் வடித்து வைத்த புட்டியைக் காட்டினார்.

"இதை என்னுங்க பண்ணுவீங்க? ஏரியில கரைச்சிரலாமுங்களா? அவ சாம்பலப் பையன் ஆத்துலதான் கரைச்சான்."

"வேண்டாங்கக்கா. தண்ணியில போனா லேசுல அழியாது. மீனுக்கு ஆகாது."

"பொறவு?"

"காலேஜுக்கு ஒரு வண்டி வரும். கெமிக்கல் கழிவெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய், ரொம்பப் பெரிய சூட்டுல..." அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னொருக்கா எரிக்கோணுமுங்களா?"

அப்போது எனக்கு அந்த அறையில் நிஜமாகவே பயமாக இருந்தது. அவள் என் பிடரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்ப்பது போல இருந்தது.

அவர்தான் பேசினார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து கட்டிக் கொண்டாந்தாங்க. பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. பொறவு நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்னைத் தெருமொனையிலயே நிறுத்திப்போட்டாங்க. பெத்தவ நான், கை வெச்சுத் தூக்கல. இதுக்காச்சும் என்னைக் கூப்புடுவீங்களா?"

கூப்பிட்டேன். வண்டி வருகிற அன்று காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். வெளி ஆட்களை ஆய்வகத்துக்குள் விடக் கூடாது என்று கல்லூரியில் விதி இருக்கிறது. யார் வந்து கேட்கிறார்கள் பார்ப்போம் என்று நானே அவரை உள்ளே கூட்டிப்போனேன். அவருக்குக் கோட்டு மாட்டி, கண்ணாடி போட்டு, கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டேன். சீசாவில் மிஞ்சியதையும் விளக்கில் வடித்ததையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் உறிஞ்சும் பொடி நிரப்பி, மூடி, பட்டை ஒட்டியிருந்தேன். டப்பா ஒரு கைக்குழந்தை கனம்கூட இருக்காது. அவர் இரண்டு கைகளாலும் அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். நான் கூடவே நடந்தேன், தொடவில்லை. வராண்டாவில் வந்த பிள்ளைகள் என்னவென்று தெரியாமலே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வண்டிக்கு அருகில் முகமூடி போட்ட இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். வழக்கம் போல வாங்கி உள்ளே போட இரண்டு கையையும் நீட்டினான். அவர் உடனே கொடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். பொறு என்று நான் சைகை காட்டினேன். பிறகு அவரே ஓர் அடி முன்னால் போய் அவன் கைகளில் வைத்தார்.

"மெதுவா வையுங்க சாமி" என்றார். "எம்புள்ளைங்க அது."