பட்டர் பேப்பரில் ஒரு பாதம்

அக்காவுக்கு மகள் பிறந்து பதினோரு மாதம் ஆகியும் எங்கள் மச்சான் அவளைப் பார்க்கவில்லை. அக்கா நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது சவுதிக்குப் போனவர். லெப்பைக்குடிக்காட்டில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அத்தா என்றால் போட்டோவும் கேசட்டும்தான். அக்காவுக்கு மட்டும் அது பழகவே இல்லை.

ஒருநாள் அவர் பேசி அனுப்பிய கேசட் வந்தது. வீட்டில் ஒருவர் விடாமல் சலாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "போட்டோ வந்துச்சு. புள்ள எவ்ளோ பெருசுன்னு போட்டோவுல தெரியலயே. லீவுல வரும்போது ஷூ வாங்கியாரணும், கால் அளவு அனுப்பு." போகிற போக்கில், ரூமில் ஏசி குளிர் தாங்கவில்லை என்றும் சொன்னார். எங்களுக்கு அது இரண்டு சேதி. அக்கா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். தன்னுடைய பழைய நூல் சேலைகளை நாலு அடுக்காக வைத்து ஒரு போர்வை. அதன் மேல், மூலைக்கு மூலை மகளின் பாதங்கள் நடந்து போவதுபோல் ஓட்டுத் தையல். யோசனை அவளுடையது, வேலை என்னுடையது. நான் பெரம்பலூரில் தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். எம்பிராய்டரி வரை வந்துவிட்ட திமிரும் எனக்கு இருந்தது.

பாதத்தை வரைவதே பெரும்பாடாகப் போனது. விழித்திருக்கும்போது பிள்ளையின் கால் ஒரு இடத்தில் நிற்காது. மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து அக்கா உள்ளங்காலில் அட்டையை ஒட்டிப் பிடிப்பாள், நான் பென்சிலைச் சுற்றுவேன். சுண்டுவிரல் வந்ததும் கூச்சத்தில் உதைப்பாள். நாலு நாள் தூக்கத்தைக் கெடுத்து ஒரு இடது பாதம் கிடைத்தது.

அதைத் துணிக்குக் கொண்டுபோவது அடுத்த பாடு. சாக்பீஸில் வரைந்தால் போர்வையை இரண்டு தடவை புரட்டுவதற்குள் அழிந்துபோனது. சோப்புத் துண்டு சந்தனக் கலர் சேலையில் தெரியவே இல்லை. மஞ்சள் கார்பன் பேப்பரை வைத்து அழுத்தினேன். நாலு அடுக்குத் துணி மெத்தென்று அமுங்கியதே தவிர கோடு விழவில்லை. கடுப்பில் பேனாவை எடுத்தேன். "அது தொவைச்சாலும் போவாதுடி" என்று அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் கிளாஸ் டீச்சரைக் கேட்டேன். அவர் சொன்னபடி பாதத்தைப் பட்டர் பேப்பரில் வரைந்து, நூல் கோக்காமல் தையல் மெஷினை அந்தக் கோட்டின் மேல் ஓட்டினேன். கோடெல்லாம் பொடிப்பொடியாகத் துளைகள். பேப்பரைத் துணிமேல் வைத்து, ரேஷன் மண்ணெண்ணெயில் நீலப்பொடியைக் குழைத்துப் பஞ்சால் தேய்த்து எடுத்தால், நீலப் புள்ளிகளாக ஒரு பாதம் பதிந்திருந்தது. பேப்பரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தால் அதுவே வலது கால். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. வரிசையாக நாலு இடது கால் பதித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எம்புள்ள என்னடி, பாண்டி ஆடிக்கிட்டே சவுதிக்குப் போறாளா?" என்றாள் அக்கா. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துகொண்டாள்.

மேலத்தெருவில் ஒருவர் லீவு முடிந்து, மச்சான் இருக்கும் ஊருக்கே திரும்புவதாக இருந்தது. போர்வையை அவரிடம் கொடுத்தனுப்புவது என்று முடிவு. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தையல் நின்றது. அவர் கிளம்பிய காலையில் இரண்டு பாதங்கள் பாக்கி. அவர் அரியலூரில் ரயில் ஏறுகிறார் என்று தெரிந்ததும் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் பிடித்தோம். குலுங்கிய பஸ்ஸில் உட்கார்ந்து நான் மீதியைத் தைத்தேன். கடைசிக் கட்டைவிரல் கோணிக்கொண்டது.

ஸ்டேஷனில் அவர் கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். போர்வையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

"மளிகைக் கடைத் தராசுல மூணு தடவ நிறுத்துக் கட்டுனதும்மா. ஒம்பது வூட்டுச் சாமான் இருக்கு. ஊறுகா இருக்கு, ஒருத்தருக்கு மருந்து இருக்கு. எதை வெளிய எடுத்து வெக்கட்டும், நீயே சொல்லு."

சண்டை போட வாயெடுத்தேன். சண்டை போட அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கே மனசு கேட்கவில்லை போல. "சின்னதா ஏதாச்சும் இருந்தா குடுங்க, சட்டைப் பையில வெச்சுக்கறேன்" என்றார். அக்கா போர்வையின் மடிப்புக்குள் கைவிட்டு அந்தப் பட்டர் பேப்பரை எடுத்தாள். நீலம் அப்பி, மண்ணெண்ணெய் வாடையடித்தது.

"புள்ள கால் அளவுங்க. அவங்க கேட்டிருந்தாங்க."

அவர் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் போர்வை அக்காவின் மடியில் இருந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அடுத்த கேசட்டில் மச்சானின் குரலே மாறியிருந்தது. "கால் வந்துச்சு! கடைக்குக் கொண்டு போயி, பேப்பரை உள்ள வெச்சுப் பாத்து வாங்கிட்டேன். ரம்ஜானுக்கு வந்துருவேன், இன்ஷா அல்லாஹ்." ரம்ஜான் வந்தது, அவர் வரவில்லை. முதலாளி பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாராம். ஹஜ் பெருநாளுக்கு என்றார். அதுவும் போனது. அடுத்த ரம்ஜானும் போனது. இங்கிருந்து யார் என்ன செய்ய முடியும்? பிள்ளை நடந்தாள், ஓடினாள், வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் குதித்தாள். அவள் செருப்பு வருஷத்துக்கு இரண்டு தரம் சிறிதாகிப்போனது.

"அக்கா, புது அளவு எடுத்து அனுப்பிடுவோம்" என்றேன் ஒருநாள்.

"வேணாம்டி. புது அளவு அனுப்புனா, அவங்க இப்போதைக்கு வர மாட்டாங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." எடுத்து வைத்த அட்டையையும் பென்சிலையும் அலமாரியில் திருப்பி வைத்தேன்.

மச்சான் வந்தபோது பிள்ளைக்கு நாலு வயது நெருங்கியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஷூவைத்தான். சிவப்பு, பக்கிள் வைத்தது. "வாம்மா, அத்தாகிட்ட வா" என்றார். அவள் என் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தூக்கிவந்து உட்கார வைத்தோம். விரல்கள் உள்ளே போயின, குதிகால் வெளியே நின்றது. அவர் பக்கிளைத் தளர்த்திப் பார்த்தார், கொஞ்சம் அழுத்தியும் பார்த்தார். அவள் வீறிட்டு அழுதுகொண்டு அக்காவிடம் ஓடிவிட்டாள்.

அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கட்டிலில் பிள்ளை படுக்கும் போர்வை விரித்துக் கிடந்தது. பலமுறை துவைத்ததில் நீலமெல்லாம் போய்த் தையல் மட்டும் இருந்தது. குனிந்து பார்த்தார். ஒரு ஷூவை இடது பாதத்தின் மேல் வைத்தார், இன்னொன்றை வலது பாதத்தின் மேல். இரண்டும் அச்சாகப் பொருந்தின.

"அளவு சரியாத்தாம்மா வாங்கியிருக்கேன்" என்றார் என்னிடம்.

"ஆமாங்க மச்சான்" என்றேன்.