பம்பரத்தின் பட்டப்படிப்பு

மருந்துக் கடையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டம் இல்லாவிட்டாலும் உட்காரமாட்டாள். களிம்பு இருந்த தட்டில் இருமல் மருந்தை வைப்பாள், களிம்பைத் தூக்கி மேலே ஏற்றுவாள். அன்று பாதி அலமாரி இடம் மாறிவிட்டது. தான் சேரப்போவது எந்தப் படிப்பில் என்று மாலைக்குள் கல்லூரியின் இணையதளத்தில் சொல்லியாக வேண்டும்.

இந்த வயதில் படிப்பு ஆசை வந்ததே கடைக் கணினியால்தான். காலாவதியாகப் போகும் மாத்திரை அட்டைகள் கிடக்க, அது புதுச் சரக்கையே முதலில் எடுக்கச் சொல்லும். ஏன் என்று கேட்டால், பழுது பார்க்க வருகிறவர், "அது அப்படித்தாம்மா" என்பார். அந்தப் பதில் அவளுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

வங்கியில் டோக்கன் கொடுக்கும் நாத்தனார் ஒரு யோசனை சொல்லியிருந்தாள்.

"டேட்டா சயின்ஸ் எடுங்க அண்ணி. கேக்கவே கெத்தா இருக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன் டோக்கன் கிழிச்சிட்டு இருக்கேன்?"

அது கழிந்தது. மிச்சம் இரண்டு. கணினிப் பயன்பாடு மாலை வகுப்பு. கணக்கு கம்மி, வேலைக்கும் பங்கமில்லை. கணினி அறிவியல் காலை வகுப்பு. கணக்கு மண்டையைக் காயவைக்கும். வேலைக்குத் தோது மாலைதான் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். கணக்குப் பயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சேர வருகிறவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றது கல்லூரி. போன வாரம் இரண்டிலும் உட்கார்ந்தாள். மாலை வகுப்பில் பில் போடும் திரை ஒன்றைச் செய்தார்கள். எந்த அட்டை முதலில் போக வேண்டும் என்பதை எங்கே சொல்வது என்று கேட்டாள். "பின்னாடி கொஞ்சம் வரும்மா. அடிவரைக்கும் வேணும்னா அறிவியல் பக்கம் போங்க" என்றார் ஆசிரியை. காலை வகுப்பில் வரிசையைப் பற்றியே பாடம்: யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும், ஏன். பாதி புரிந்தது. மீதிப் பாதி கரும்பலகை நிறையச் சூத்திரம். அந்தப் புரியாத பாதிதான் அன்றிலிருந்து அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"காலையில இனிமே வர முடியாதுங்க."

"மாலைப் படிப்புன்னு சொன்னியே?"

"சொன்னேன். மனசு ஒப்பலை. மதியத்துலேர்ந்து கடை மூடற வரைக்கும் நிக்கறேன்."

"காலைக் கூட்டத்தை யார் பாக்கறது?"

"நீங்கதான். உங்களுக்குத் தெரியாத மருந்தா?"

"மருந்து தெரியும். அது எங்க இருக்குன்னுதான் உன்னைத் தவிர எவனுக்கும் தெரியாது."

அவள் நகரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் பரீட்சை வரைக்கும் பாப்போம். கோட்டை விட்டா மாலைக்கு மாறிடணும். இல்லைன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

சரியென்று தலையாட்டிவிட்டுக் கைபேசியை எடுத்துக் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்தாள். விரலை எடுத்த கையோடு, லிஃப்ட் பழுது பார்க்கப் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"கணக்கு டியூஷன் எடுக்கறவங்க யாராவது தெரியுமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கு இன்னும் வகுப்பே ஆரம்பிக்கலையேடி."

"அதனாலதான் இப்பவே கேக்கறேன்" என்றாள்.