நான் முடக்கிய ஒற்றை வரி

அலமேலுவின் நர்சிங் சீட்டைக் கெடுத்தது போராட்டம் அல்ல. நான்தான்.

இதைச் சொல்ல எனக்கு நடுக்கம் இல்லை. வேலை தெரிந்தவள் நான். வேலை தெரிந்தவள் செய்த தப்பு இது.

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டாவது பெயில். ஆனால் கணினி எனக்கு அடங்கும். இப்போதும் அடங்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். மறியலுக்கு வெட்டிய புளியமரங்கள் சாலையில் கிடந்தன. பஸ் ஓடவில்லை. அந்த வாரம் பார்த்து என் கணினி படுத்தது. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். ஸ்கேனர் மட்டும் அசையவில்லை. விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வர வழியில்லை.

அந்த ஸ்கேனருக்கான மென்பொருளை யாரோ ஒருவர் இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார். எழுதிய நிரலை அப்படியே, திறந்தபடி. அதை இறக்கி, நம் கணினியில் ஓடும்படி நாமே மாற்றி, கம்பைல் செய்துகொள்ள வேண்டும். நெட் மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை இறங்கியது. கூடவே ஒரு விளக்கத் தாள் இருந்தது. முழுக்க இங்கிலீஷ்... யார் படிப்பது? அதிலிருந்த மூன்று கட்டளைகளை மட்டும் எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

பாதியில் நின்றது. ஒரு வரியைக் காட்டிப் பிழை என்றது. அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். போட்டால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். மறுபடி ஓட்டினேன். முடிந்தது! என் ரேஷன் கார்டை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது.

பக்கத்து டீக்கடைப் பாய் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா எட்டாங்கிளாசு இன்ஜினியரு! ரோட்டுல கெடக்குற மரத்தையும் நீயே நகத்திடுவ போலக்குதே!”

“டீய வெச்சிட்டுப் போங்க பாய்.”

சிரித்தேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் அலமேலு வந்தாள். மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பெண், பன்னிரண்டாவது முடித்தவள். மலையிலிருந்து பாதி நடை, பாதி டிராக்டர். நர்சிங்குக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவளுடைய சாதிச் சான்றிதழ் நீளத் தாளில் இருந்தது. ஸ்கேன் செய்தேன்.

“அக்கா, அடியில ஆபீசு சீலு காணோமே?”

“அதெல்லாம் இருக்குது. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டில தெரியாது.”

“கையெழுத்துங்கூட இல்லியேக்கா...”

“நானே கட்டுன புரோகிராமு இது. எனக்கே சொல்லிக் குடுக்க வந்துட்டியா?”

அவள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள். நான் அனுப்பிவிட்டேன்.

ஒருமுறை கீழே பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தேன்! தாள் பாதி எழுத்தோடு அறுந்து நின்றதைப் பார்த்தேன். ஆனால் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். பாயும் நின்றார். அவர்கள் முன்னால் என் வேலை தப்பென்று எப்படிச் சொல்வேன்?

அவளுக்கு இமெயில் கிடையாது. என்னுடையதைக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் எனக்குத்தான் வந்தது. சான்றிதழ் முழுமையாக இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி.

அதை அழித்தேன்.

பிறகுதான் அகராதியை வைத்துக்கொண்டு அந்த விளக்கத் தாளைப் படித்தேன். முதலில் இன்னொரு கோப்பை ஏற்ற வேண்டும் என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. ஏற்றினேன். சாய்கோடுகளை எடுத்தேன். ஒரு பிழையும் இல்லை. நான் முடக்கியது, தாளின் நீளத்தை ஸ்கேனருக்குச் சொல்லும் வரி. கால் மணி நேர வேலை... அவ்வளவுதான்!

அலமேலு கேட்டு வந்தாள்.

“போராட்டத்துல ஆபீசே நடக்கலியாம். நெறைய பேருது போய்ட்டுதாம்” என்றேன்.

நம்பினாள். அந்த வருஷத்தில் எதைப் போராட்டத்தின் தலையில் போட்டாலும் நம்பினார்கள்.

இப்போது அவள் கேரளாவில் மிளகு பறிக்கிறாள். போன மாதம் பிள்ளையின் ஆதாரை நகலெடுக்க வந்தாள்.

“மரத்த வெட்டிப் போட்டவனுங்க வெளங்கவே மாட்டானுங்கக்கா. நீ மட்டும் எனக்கோசரம் எவ்ளோ செஞ்ச!”

கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்.

“பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு” என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். இது அவள் கைக்குப் போகாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.