அண்ணனின் மோட்டார் சைக்கிளும் காதர் பாயும்

எங்கள் அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் காலடிப்பேட்டையில். பன்னிரண்டாம் வயதில் தகப்பனாரை இழந்து, படிப்பை விட்டு, துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, தாயாரையும் என்னையும் காப்பாற்றினார். முன்கோபி. ஆனால் பொய் சொல்லாதவர். இந்த இடத்தில்தான் என் பேனா நிற்கிறது. அண்ணன் மறைந்த ஓராண்டு நிறைவு மலருக்கு அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி அண்ணியார் கேட்டார்கள். அண்ணன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது பொய்யா, மறதியா என்று ஆறு வருடம் குழம்பிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தபின், பட்டாளத்தார் கழித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை அண்ணன் வாங்கினார். விடியுமுன் வேலைக்குப் போகவேண்டியவர்; விளக்கோ எரிந்தால் எரியும். வேகமாக ஓட்டினால் அந்தப் பழைய டைனமோ பேட்டரியைக் கொதிக்கவைக்கும், மெதுவாக ஓட்டினால் காயப்போடும். தண்டையார்ப்பேட்டையில் லாரிகளுக்கு மின்வேலை செய்த காதர் பாய், அண்ணனின் உயிர்த் தோழர். அவர் வேறு டைனமோ மாட்டி, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் பெட்டி ஒன்றையும் பொருத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்போது வேலையில்லாமல் இருந்த என்னைத் தாம் வேலை செய்த பட்டறையில் சேர்க்க முதலாளியிடம் பேசி முடித்தவரும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேட்டரியைக் கழற்றித் துடைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்ப மாட்டினேன். இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. எஞ்சினைக் கிளப்பாமல் விளக்கைப் போட்டோம். பேட்டரி செலவாகும்போது இறங்கவேண்டிய சார்ஜ் மீட்டர் முள் ஏறி நின்றது. கம்பி மாறினால் முள்ளும் மாற்றிக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் பூரித்துப்போனார்.

"வண்டி சும்மா நின்னுகினு கீது, லைட்டு எரியுது, அப்பவும் சார்ஜி ஏறுது பாரு. காதரு கையி கையிதான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே பெட்டி கருகி விளக்கு அணைந்தது. மாலையில் காதர் பாய் வந்து, குனிந்து பார்த்தார்.

"பேட்டரிய யாரு கெயட்னது?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், "நான்தான். அதுக்கின்னா இப்போ?" என்றார்.

"கம்பிய மாத்தி மாட்டிக்கீற மாமு. அதான் பெட்டி போச்சு."

"நீ கலீஜு பெட்டிய மாட்டிட்டு எம்மேலயே திருப்பறியா?" என்று தெருவே வேடிக்கை பார்க்க அண்ணன் சத்தம் போட்டார். காதர் பாய் கம்பிகளைச் சரியாக மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் ஆறு வருடம் இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் நான் அதே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் மறந்துபோய்ச் சொன்னாரா? எனக்காகச் சொன்னாரா? எனக்காக என்றால் நண்பரை ஏன் அப்படி ஏசினார்? ஒன்றும் விளங்கவில்லை. பட்டறைப் பேச்சை எடுத்தாலே அண்ணன், "சோறு துன்னியா?" என்று எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆண்டு மஞ்சள்காமாலையில் பத்து நாள் படுத்திருந்து அண்ணன் கண்மூடினார். காதர் பாய் வந்தார். சுடுகாடு வரை நடந்தார். திரும்பி வரும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா. அவனுக்கு ஆசிட்னா பயம், பேட்டரி பக்கமே போமாட்டான். உனுக்கோசரம் சொல்றான்னு அப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு நான் பாத்துகினு இருந்தேன். அவனும் பாத்துகினுதான் இருந்திருப்பான்" என்றார்.

இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்த டாக்டர் அவர்களுக்கும், பத்து நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், கோபத்தை வைத்துக்கொள்ளாமல் வந்த காதர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காதர் பாய் என்னை மன்னித்துவிட்டார். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.