என்கிரிப்ஷன் போட்ட கடைக்குள் வைரஸ் வந்த கதை

ஒரு வெள்ளிக்கிழமை காலை செல்வம் போன் செய்தான்.

"அண்ணே, எல்லா ஃபைலும் பேரு மாறிக் கிடக்கு. தொறந்தா இங்கிலீஷ்ல பணம் கேக்குறான். வெரசா வாங்க."

செல்வம் நாகமலை புதுக்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறான். ஆய்வு மாணவர்கள் ஆய்வேட்டை அங்கேதான் டைப் செய்து, பைண்டிங் போட்டு வாங்கிப் போவார்கள். அவன் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு நான் சர்வீஸ். அவன் கெடுப்பான், நான் சரிசெய்வேன்.

மேலூர் பஸ்ஸில் ஒரு லேப்டாப்பைத் தொலைத்துவிட்டு வந்தபோது, கடை சிஸ்டங்களுக்கு என்கிரிப்ஷன் போடச் சொன்னான். போட்டேன். "இது திருடனுக்கு. மெஷினைத் தூக்கிட்டுப் போனாலும் உள்ள இருக்கிறதப் படிக்க முடியாது. வைரஸுக்கு இது இல்ல" என்று சொன்னேன். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டான்.

கடைக்குப் போனேன். முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன்.

"என்னடா இன்ஸ்டால் பண்ண?"

"பழைய ஃபாண்ட்ட யூனிகோடா மாத்துற கன்வெர்ட்டர்ண்ணே. வாட்ஸப் குரூப்ல ஃப்ரீயா வந்துச்சு. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடணும்னு அதுலயே எழுதியிருந்தான்."

"ஆஃப் பண்ணிட்ட?"

"அதான் என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கோம்ல. உள்ள எப்படிண்ணே வரும்?"

"காலைல பாஸ்வேர்ட் போட்டு சிஸ்டத்தத் தொறக்குறது, கடையத் தொறக்குற மாதிரி. அப்புறம் ஷட்டர் பூட்டு எங்க கிடக்கும்? தரையில. நீயே கையப் பிடிச்சு ஒருத்தன உள்ள கூட்டிட்டு வந்தா பூட்டு என்ன செய்யும்?"

செல்வம் தெம்பாகப் பர்ஸைத் திறந்து, என்கிரிப்ஷன் போட்டபோது நான் எழுதிக் கொடுத்திருந்த ரெக்கவரி கீயை எடுத்து நீட்டினான். "கீ நம்மகிட்டதான இருக்கு?"

"அது உன் பூட்டோட சாவி. ஃபைலுக்கு மேல இப்ப அவன் போட்டிருக்கிறது அவன் பூட்டு. அதுவும் என்கிரிப்ஷன்தான். உன்னவிட ஒழுங்கா பண்ணியிருக்கான்."

அந்த வைரஸுக்கு யாராவது சாவி கண்டுபிடித்திருக்கிறார்களா என்று என் லேப்டாப்பில் தேடினேன். இல்லை. பேக்கப் ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டேன். அது சிஸ்டத்திலேயே சொருகியபடி இருந்தது. அதிலும் எல்லாம் பூட்டு.

"கழட்டிக் கழட்டி மாட்டுனா போர்ட் லூஸாயிரும்ணே."

கோபத்தில் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அப்போது சுமதி உள்ளே வந்தார். மேலூர்ப் பக்கத்துப் பெண். கல் குவாரியில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு. அவர் அம்மாவும் குவாரியில்தான் இருந்தவர். திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள். விட்டால் பதிவு ரத்து.

"பைண்டிங் ஆயிருச்சாண்ணே?"

செல்வம் என்னைப் பார்த்தான். நானே நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. "எம்புட்டு போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

காப்பி அடித்ததா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்காக முந்தைய வாரம் நூலகத்துக்கு மெயிலில் அனுப்பிய பிரதி அவர் மெயிலில் இருந்தது. அதற்குப் பிறகு நெறியாளர் சொல்லி மாற்றிய கடைசி இரண்டு இயல்கள் போய்விட்டன. நெறியாளர் சிவப்பு மையில் திருத்திய பிரிண்ட் சுமதியின் பையில் இருந்தது.

அவரிடம் என் லேப்டாப்பைக் கொடுத்தேன். செல்வத்தின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு இயல்களையும் மறுபடி அடித்தார். செல்வம் டீ வாங்கி வருவதும், சிவப்பு மையை வாசித்துச் சொல்வதுமாக இருந்தான். ஞாயிறு மாலை வேலை முடிந்தது. திங்கள் காலை பைண்டிங்கும் முடிந்தது.

சுமதி தனக்கே மெயிலில் ஒரு பிரதி அனுப்பிக்கொண்டார். பென் டிரைவில் ஒன்று ஏற்றி, கழற்றிக் கைப்பையில் போட்டார்.

"இங்கயும் ஒரு காப்பி வச்சிட்டுப் போம்மா, சேஃபா இருக்கும்" என்றான் செல்வம்.

"உங்க கடையில எல்லாம் சேஃபாத்தாண்ணே இருக்கு. எனக்குத்தான் தொறக்க முடியல" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

இப்போது யார் என்கிரிப்ஷன் போடக் கூப்பிட்டாலும், சிஸ்டத்தில் சொருகாத பேக்கப் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். பதில் இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் பூட்டில் கை வைக்கிறேன். செல்வம் பேக்கப் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைக்கிறான். போர்ட் இன்னும் லூஸாகவில்லை.