மலையில் யாரும் பெயர் கேட்பதில்லை

சோலைராஜும் நானும் ராஜபாளையம் மில் ஒன்றில் பல வருடமாக ஒரே ஷிப்டில் நிற்கிறோம். நூற்பு மிஷின்களின் இரைச்சலில் அவனுக்கு வலது காது போய்விட்டது. மனைவி அழகுத்தாய் இறந்தபோதுகூட எங்களிடம் அவன் வாயைத் திறக்கவில்லை. டீ குடித்தான், வேலை பார்த்தான், வீட்டுக்குப் போனான். கல்லுளிமங்கன் என்று அவனைத் திட்டுவதே நான்தான்.

அப்படிப்பட்டவனுக்கு மலையில் ஒரு துணை இருந்தார். மாதா மாதம் அமாவாசைக்கு இவன் சதுரகிரி ஏறுவான். அந்த மனிதர் அடிவாரத்தில் காத்திருப்பார். சேர்ந்தே ஏறி, கும்பிட்டு, சேர்ந்தே இறங்குவார்கள். அழகுத்தாயின் கடைசி நாட்களை அவரிடம் சொல்லி அழுதிருக்கிறான். அவரும் தன் மகள் வாழாமல் திரும்பி வந்த கதையை இவனிடம் கொட்டியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்தபோது எனக்கு வயிறெரிந்தது. பக்கத்து மிஷின்காரனிடம் சொல்லாததை, மாதத்தில் ஒரு நாள் பார்க்கிறவரிடம் சொல்வானாம்.

அந்த மனிதர் ஒரு அமாவாசைக்கு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. சோலைராஜ் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தான்.

"போன் போட்டுப் பாக்க வேண்டியதுதானலே," என்றேன்.

"நம்பர் கெடையாது."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"பேராவது தெரியுமா, அதுவும் இல்லையா?"

"மலையில எல்லாரும் சாமிதான. நான் அவரைச் சாமிம்பேன், அவரு என்னையச் சாமிம்பாரு. ஒருவாட்டி பேரு கேக்கப் போனேன். அதையெல்லாம் கீழ வச்சுட்டுத்தான வாரோம்னு சிரிச்சாரு. பொறவு கேக்கல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படியும் ஒரு கூறுகெட்ட சிநேகிதம் உண்டா? ஆனாலும் அடுத்த அமாவாசைக்கு அவனைத் தனியாக விட மனம் வரவில்லை. என் மூட்டுவலியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, சுந்தரபாண்டியம் வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதுகுப் பையில் அவன் மூன்று பொட்டலம் புளிசாதம் கட்டியிருந்தான். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஏறத் தொடங்கியதிலிருந்து நான் பேசிக்கொண்டே வந்தேன், அவன் பதிலே சொல்லவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இந்தப் பக்கமா வா. எனக்குக் கேக்கணும்னு அவரு எப்பவும் இந்தப் பக்கந்தான் நடப்பாரு."

இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. வழுக்குப்பாறை வரைக்கும் அந்தப் பக்கத்தை விடாமல் நடந்தேன்.

எதிரே இறங்கியவர்களையெல்லாம் அவன் மறித்துக் கேட்டான். "நல்ல உயரம் சாமி, மீசை நரைச்சிருக்கும், செத்த கூனுன மாதிரி நடப்பாரு." பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோரக்கர் குகையில் உட்கார்ந்தான். பிலாவடிக் கருப்பு சந்நிதியில் உட்கார்ந்தான். மேலே மகாலிங்கத்தைக் கும்பிட்ட பிறகும் படியை விட்டு நகரவில்லை. வனத்துறைக்காரர் வந்து இறங்கச் சொன்னதும், மூன்றாவது பொட்டலத்தை அங்கிருந்த ஒரு பரதேசியின் கையில் வைத்துவிட்டு எழுந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அடிவாரத் தோப்புக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாதையின் வலது ஓரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து, இறங்கி வருகிற ஆண்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "மில்லுல வேலை பாக்குற சாமி யாரும் வாரீகளா? ஒரு காது கேக்காது அவருக்கு."

சோலைராஜுக்கு அது விழவில்லை, நேரே போய்க்கொண்டிருந்தான். நான்தான் ஓடிப் போய்ப் பிடித்து நிறுத்தினேன்.

அவர் பெயர் நாகஜோதி. அந்த மனிதரின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்ததைப் பார்த்ததுமே எங்களுக்கு விளங்கிவிட்டது.

"கிட்னி ரெண்டும் போயிருச்சுய்யா. ரெண்டு மாசமா வீட்டோடதான் கெடந்தாவ. போன மாசம் போய்ச் சேந்துட்டாவ. கூட நடக்குற சாமியக் கூட்டிட்டு வாங்க, கூட்டிட்டு வாங்கன்னு ஒரே புலம்பல். எங்க மக ராஜபாளையத்துல மில்லு மில்லா ஏறி எறங்குனா. பேரு என்னன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாக."

"உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றான் சோலைராஜ்.

"சுந்தரபாண்டியம். ரோட்டு மேலதான் வீடு."

அவன் முகம் செத்துப்போனது. "நான் வர்ற பஸ்ஸு அது வழியாத்தானம்மா வருது."

"தெரியும்யா. அமாவாசை அன்னைக்குக் கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளச் சொல்லுவாவ. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டே கெடப்பாவ. கூட்டத்துல எந்த மொகம் தெரியும்?"

சோலைராஜ் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். அவர் பெயர் என்ன என்று கேட்டான். நவநீதகிருஷ்ணன் என்றார் அந்த அம்மா. அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"உங்க பேரு என்னய்யா?"

"சோலைராஜ்."

நாகஜோதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவியளக் கேட்டுக் கேட்டுப் பாத்தோம்யா. தெரியலியேன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாவ. இந்த ஒத்தப் பேரு தெரியாமத்தான் அவிய தனியாப் போனாவ."